ஆறு பாஃபிள் தட்டு போட்டால் டேங்கர் கவிழாதா?

கேள்வி சுருக்கமாக இது: பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகத் திருச்சூர்ப் பக்கம் பால், இருகூரிலிருந்து வாளையார் தாண்டிக் கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கு டீசல். இந்த இரண்டு ஓட்டத்துக்கும் பத்துச்சக்கர சேஸ் வாங்கியாயிற்று, தொட்டி கட்டவேண்டும். பட்டறையில் "ஆறு பாஃபிள் தட்டு போட்டுத் தர்றோம், கவிழவே கவிழாது" என்கிறார்கள். அது சரியா? வேறு என்ன சொல்லிக் கட்டச் சொல்வது?

சரியில்லை. பட்டறைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை. இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாக்கிவிட்டார். பாஃபிள் தட்டு தொட்டியின் குறுக்கே நிற்கிறது. பிரேக் பிடித்தால் முன்னால் பாயும் திரவத்தைத் தடுக்கும். வண்டி பக்கவாட்டில் சாயும்போது திரவம் ஓடுவது இடமிருந்து வலம். அந்த ஓட்டத்துக்கு முன் குறுக்குத் தட்டு, காற்று வீசும் திசையிலேயே நிற்கும் வேலி மாதிரிதான். ஆறு போட்டாலும் பன்னிரண்டு போட்டாலும் கவிழும் கணக்கில் மாற்றம் அநேகமாக இல்லை. பிரேக்குக்காகத் தட்டு வேண்டும், போடுங்கள். கவிழாமல் இருப்பதற்கு வேறு வேலை செய்யவேண்டும்.

முதலில் கணக்கு. வளைவில் போகும் வண்டியை வெளிப்பக்கம் தள்ளும் விசை, அதன் எடையில் இத்தனை பங்கு என்று அளக்கலாம். அந்தப் பங்கு எவ்வளவு ஆனால் உள்பக்கச் சக்கரம் தரையை விடுகிறது? எளிய சூத்திரம்: சக்கரத் தடத்தின் அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கவேண்டும். பின்னச்சில் இரட்டை டயர் உள்ள வண்டிக்குத் தட அகலம் கணக்குக்கு 1.88 மீட்டர் என்று வையுங்கள். பாதி 0.94. அகலம் சட்டத்தால் கட்டப்பட்டது, பெரிதாகக் கூட்ட வழியில்லை. ஆக, கட்டுகிறவர் கையில் இருப்பது உயரம் ஒன்றுதான்.

உங்கள் வண்டிக்கே போட்டுப் பார்ப்போம். பத்துச்சக்கரத்துக்கு 2018-இல் உயர்த்திய மொத்த எடை வரம்பு 28.5 டன். சேஸும் கேபினும் 8.9 டன், அவற்றின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 1 மீட்டர். தொட்டியும் அதைத் தாங்கும் சப் ஃப்ரேமும் 3 டன். 20 கிலோலிட்டர் டீசல், அடர்த்தி 0.83, ஆக 16.6 டன். தொட்டி 7 மீட்டர் நீளம், அடிப்பக்கம் தரையிலிருந்து 1.2 மீட்டரில்.

இதே 20 கிலோலிட்டரை உருண்டைத் தொட்டியில் (குறுக்குவெட்டு வட்டம்) அடக்கினால் விட்டம் 1.91 மீட்டர் ஆகும்; நடுமையம் 2.15 மீட்டர் உயரத்தில் நிற்கும். 2.4 மீட்டர் அகலம், 1.52 மீட்டர் உயரமுள்ள நீள்வட்டத் தொட்டியில் அடக்கினால் நடுமையம் 1.96 மீட்டர். முழு லோடில் மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் உருண்டைக்கு 1.79, நீள்வட்டத்துக்கு 1.66. வகுத்தால் 0.52, 0.57. எட்டு சதவீத லாபம். எண்ணெய்த் தொட்டிகளை நீள்வட்டமாகக் கட்டுவதற்கு இது பெரிய காரணம். எல்பிஜி தொட்டி உருண்டையாகத்தான் இருக்கவேண்டும், அழுத்தம் தாங்கவேண்டுமே. அங்கே இந்த வசதி கிடையாது. அதனால்தான் எரிவாயு வண்டி பார்க்கவே உயரமாக நிற்கிறது.

இந்த 0.57-ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது. வண்டி கல்லால் செய்த பொம்மை இல்லை. வளைவில் கமான் பட்டை (சஸ்பென்ஷனின் பட்டை ஸ்பிரிங்) ஒரு பக்கம் அமுங்கும், டயர் பிதுங்கும், சேஸ் முறுக்கும். ஐந்து டிகிரி சாய்ந்தாலே ஈர்ப்பு மையம் எட்டு சென்டிமீட்டர் வெளியே போய்விடும். 94-இல் எட்டு போனால் மிச்சம் 86. எல்லாம் சேர்த்து, கணக்கில் வருவதிலிருந்து கால்பங்குக்குமேல் கழித்துக்கொள்வதே விவேகம். அப்படிக் கழித்தால் கையில் நிற்பது 0.40 சுற்றுவட்டாரம். ஐரோப்பாவில் ஆபத்தான சரக்கு டேங்கருக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 111, வண்டியைச் சாய்மேடையில் இரண்டு பக்கமும் 23 டிகிரி சாய்த்தும் நிற்கவேண்டும் என்கிறது. அது ஏறக்குறைய 0.42. ஆஸ்திரேலியாவின் செயல்திறன் விதியில் ஆபத்தான சரக்கு டேங்கருக்கு 0.40, மற்ற கனரக வண்டிகளுக்கு 0.35. உங்கள் தொட்டிக்கும் 0.40-ஐக் கீழ்வரம்பாக வைத்துப் பேசுங்கள்.

0.40 என்றால் சாலையில் என்ன? 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கி.மீ. வேகத்தில் எடுத்தால் பக்கவிசை 0.25. 45-இல் 0.32. 50-இல் 0.39. பத்து கி.மீ. கூடியதில் நிம்மதியான இடத்திலிருந்து விளிம்புக்கே வந்தாயிற்று. விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது என்பதால். டேங்கருக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 60 கி.மீ.-க்கு அமைக்கப்படுகிறது. 50 மீட்டர் வளைவில் 60 வரைக்கும் போகவே வேண்டாம், 51-இலேயே வண்டி படுத்துவிடும். கருவி நேர்ச்சாலைக்கான காவல் மட்டுமே.

இதுவரை சொன்னது முழுத் தொட்டி. உண்மையான வில்லங்கம் அரைத் தொட்டியில்.

பாதி நிரப்பினால் எடை கீழே இறங்கிவிடுமே, பத்திரம்தானே என்று தோன்றும். வண்டி நிற்கும்வரை அது உண்மை. வளைவில் திரவத்தின் மேற்பரப்பு சாய்கிறது, திரவம் முழுக்க வெளிப்பக்கம் ஏறுகிறது. உருண்டைத் தொட்டியில் இது எப்படி முடிகிறதென்றால், எவ்வளவு நிரப்பியிருந்தாலும் அந்தத் திரவத்தின் எடை தொட்டியின் நடுமையத்தில் தொங்குவதுபோலவே வண்டியைக் கவிழ்க்கப் பார்க்கும். கீழே கிடக்கிறது என்ற ஆதாயம் அப்படியே கழிந்துபோகும்.

நீள்வட்டத்தில் இதைவிட மோசம். ஆரத்தித் தட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தவர்களுக்குத் தெரியும். அதே தண்ணீரைச் சொம்பில் எடுத்தால் பயமில்லை. பரப்பு அகலமானால் ஒரு பக்கம் ஓடிச் சேரும் அளவு அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. நம் 2.4 மீட்டர் நீள்வட்டத்தில் பாதி டீசல் இருந்தால், அந்த 8.3 டன் 2.44 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் வேலை செய்யும். தொட்டியின் கூரை 2.72-இல் இருக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கூரைக்கு ஒரு சாண் கீழே. மொத்த வண்டிக்குக் கணக்கிட்டால் கவிழும் எல்லை 0.54. முழு லோடில் 0.57 இருந்தது. பாதி எடையை இறக்கிய பிறகு வண்டி முன்னைவிடச் சுலபமாகக் கவிழ்கிறது!

இதுவும் மெதுவான, சீரான வளைவுக்குத்தான். திடீரென ஸ்டியரிங்கை வெட்டினால் அலை தன் நிலையைத் தாண்டி ஏறக்குறைய இரட்டிப்பாகப் போய்த்தான் திரும்பும். அப்போது எல்லை 0.45 பக்கம் இறங்கும், அதிலிருந்து பட்டை, டயருக்கான கால்பங்கை வேறு கழிக்கவேண்டும். மீதி 0.34. இத்தொட்டியில் பாதித் திரவம் ஒரு பக்கத்திலிருந்து போய்த் திரும்ப இரண்டு விநாடி ஆகும். முன்னால் வந்த பைக்கைத் தவிர்க்க வலப்பக்கம் வெட்டி மறுபடி இடப்பக்கம் கொண்டுவர ஓட்டுநருக்கும் ஏறக்குறைய இதே இரண்டு மூன்று விநாடிதான் ஆகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல, இரண்டாவது வெட்டு அலையோடு சேர்ந்துகொள்ளும். முதல் வெட்டில் தப்பித்து இரண்டாவதில் விழும் வண்டிகளின் கதை இதுதான்.

ஆகவே தொட்டியில் முதல் காசு போகவேண்டியது அறைகளுக்கு. நான்கு அறை, ஒவ்வொன்றும் 5 கிலோலிட்டர், நடுவில் துளையில்லாத முழுச்சுவர். இறக்கும்போது ஒரு அறையை முழுக்கக் காலிசெய்த பிறகே அடுத்ததைத் தொடவேண்டும். இரண்டு அறை நிறைந்தும் இரண்டு காலியாகவும் இருக்கும் அதே 8.3 டன்னுக்கு எல்லை 0.61. நான்கிலும் பாதிப்பாதி இருந்தால் 0.54, வெட்டில் 0.45. எடை ஒன்று, வண்டி ஒன்று. வால்வைத் திறந்த வரிசையில் மட்டும்தான் வித்தியாசம். பின்னறையிலிருந்து முன்னோக்கிக் காலிசெய்வது நல்லது. முன்னறையை முதலில் காலிசெய்தால் எடை பின்னால் தங்கி முன்னச்சு லேசாகும், ஸ்டியரிங் பிடிக்காது. இந்த வரிசையை வால்வுப் பெட்டியின் கதவில் பெயின்ட்டில் எழுதி வையுங்கள்.

ஐரோப்பியச் சாலைப் போக்குவரத்து உடன்பாட்டில் இதற்கு ஒரு விதியே உண்டு: 7,500 லிட்டருக்கு மிகாத பகுதிகளாகச் சுவராலோ தட்டாலோ பிரிக்கப்படாத தொட்டியில் திரவம் 80 சதவீதத்துக்குமேல் இருக்கவேண்டும், இல்லையென்றால் 20-க்குக் கீழே. நடுவில் இருக்கவே கூடாது. நம் ஊரில் யாரும் கேட்காவிட்டாலும் இந்த 80-20-ஐ உங்கள் டிரிப் ஷீட்டில் கொண்டுவரலாம், ஒரு பைசா செலவில்லை.

அரை லோடு தவிர்க்கவே முடியாத ஓட்டம் என்றால் நெடுக்குத் தட்டு. தொட்டியின் நடுவே, முன்னிலிருந்து பின்வரை, நீளவாக்கில் ஒரு சுவர். அகலம் பாதியாகிறது, பக்கவாட்டில் ஓடும் விளைவு நான்கில் ஒன்றாகக் குறைகிறது. மேலே சொன்ன பாதித் தொட்டிக்குக் கணக்கிட்டால் எல்லை 0.54-லிருந்து 0.63-க்கு ஏறுகிறது. ஆறு குறுக்குத் தட்டால் முடியாததை ஒரு நெடுக்குத் தட்டு செய்கிறது. விலை உண்டு: எடை கூடும், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மேன்ஹோலும் வென்ட்டும் (காற்றுப்போக்கி) அடிவால்வும் வேண்டும், இரண்டு பக்கமும் ஒரேசமமாக இறங்கவேண்டும். இடப்பக்கம் காலியாகி வலப்பக்கம் நிறைந்திருந்தால் தட்டே எமனாகிவிடும். துளையிட்ட நெடுக்குத் தட்டு போட்டால் இறக்குவது சுலபம், அலையின் வேகமும் அடங்கும். ஆனால் நீண்ட வளைவில் திரவம் துளை வழியே மெதுவாகக் கடந்துவிடும். துளைகளின் மொத்தப் பரப்பைக் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். எரிபொருள் தொட்டியின் வரைபடத்துக்கு வெடிபொருள் பாதுகாப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும் என்பதால், தட்டை முதலிலேயே வரைபடத்தில் காட்டிவிடவேண்டும். பிறகு சேர்ப்பது தலைவலி.

பாலுக்கு வருவோம். பால் தொட்டியில் யாரும் பாஃபிள் விரும்புவதில்லை, காரணம் சுத்தம். தட்டின் பின்பக்கம், தொட்டியைக் கழுவும் ஸ்ப்ரே பந்து அடிக்கும் காஸ்டிக் தண்ணீர் படாது. அங்கே பாலாடை படிந்து, மறுநாள் சோதனையில் அமிலத்தன்மை காட்டும். மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடியில் வண்டியைத் திருப்பியனுப்பினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆகவே பாலுக்கு நெடுக்குத் தட்டு நான் சொல்லமாட்டேன். அதற்குப் பதில் தொட்டியின் அளவைச் சேகரிப்புக்குப் பொருத்துங்கள். தினமும் 9,000 லிட்டர் வருகிற லைனுக்கு 15,000 லிட்டர் தொட்டி கட்டுவது, "ஓணத்துக்குக் கூடுதலா ஏத்தலாம்" என்ற நினைப்பில்தான். வருஷத்தில் பத்துநாள் ஓணத்துக்காக மீதி நாள் முழுக்க 60 சதவீதத் தொட்டியோடு கொல்லங்கோடு வளைவுகளில் போவதா? 3,000 லிட்டர் வீதம் மூன்று அறை, ஒவ்வொரு அறைக்கும் தனி மேன்ஹோல், தனி ஸ்ப்ரே பந்து, முழுச்சுவரின் மூலைகளை உருட்டி பாலிஷ். ஓணத்துக்கு வாடகை வண்டி எடுத்துக்கொள்ளுங்கள். பாலின் அடர்த்தி 1.03, டீசலைவிடக் கால்பங்கு கனம் என்பதையும் மறக்கவேண்டாம். டீசல் கணக்கில் அளவெடுத்த தொட்டி பாலுக்கு ஓவர்லோடு.

அடர்த்தி விஷயத்தில் இன்னொரு பொறி. எண்ணெய்க்குக் கட்டிய பழைய 20 கிலோலிட்டர் தொட்டியைச் சிலர் வேறு சரக்குக்கு விடுகிறார்கள். 50 சதவீதக் காஸ்டிக் கரைசலின் அடர்த்தி 1.5, எடை வரம்புக்குள் நிறுத்த 11 கிலோலிட்டருக்குமேல் ஊற்றமுடியாது. அதாவது 55 சதவீதம். எடைமேடையில் எல்லாம் சரி, ரசீதும் சரி, ஆனால் தொட்டி மிக மோசமான அளவில் நிறைந்திருக்கிறது. சல்ஃப்யூரிக் அமிலம் 1.84, அது 45 சதவீதத்திலேயே நின்றுவிடும். (மொலாசஸும் 1.4 கனம்தான், ஆனால் பாகுபோல் கெட்டியாக இருப்பதால் திடீர் வெட்டில் அவ்வளவு அலைவதில்லை.) கனமான சரக்குக்குச் சிறிய தொட்டி, இதில் சமரசம் கிடையாது.

இனி உயரம். தொட்டிக்கும் சேஸுக்கும் நடுவில் தேவையில்லாமல் ஏறும் சென்டிமீட்டர்களை எண்ணிப் பாருங்கள். சேஸ்மீது 5 செ.மீ. மரக்கட்டை. அதன்மேல் 150 மி.மீ. சானல் சப் ஃப்ரேம். அதன்மேல் தொட்டி உட்காரும் சேடில், சேடிலுக்கும் தொட்டிக்கும் நடுவில் "கை போகணும்" என்று விடும் இடைவெளி பத்து. சானலை 100-க்கு இறக்கி, மரத்துக்குப் பதில் 1 செ.மீ. ரப்பர் ஷீட் வைத்து, இடைவெளியை மூன்றாக்கினால் 15 செ.மீ.-க்குமேல் மிச்சம். சானல் சிறுத்தால் சேடில்களின் எண்ணிக்கையைக் கூட்டவேண்டும், டயர் முழுக்க அமுங்கினாலும் தொட்டியில் முட்டாமல் இடம் வேண்டும். இரண்டையும் பார்த்துக்கொண்டு இறக்குங்கள். 15 செ.மீ. இறங்கினால் எல்லை 0.57-லிருந்து 0.60. உண்மையைச் சொன்னால், 50 மீட்டர் வளைவில் இது தருவது இரண்டு கி.மீ. வேகம்தான். அதனால்தான் அறைகளுக்கு முதலிடம், உயரத்துக்கு இரண்டாமிடம் என்கிறேன். ஆனாலும் விடக்கூடாது, இது வண்டி இருக்கும்வரை, லோடு இருந்தாலும் வெட்டினாலும் கூடவே வரும் லாபம்.

மரக்கட்டைக்கு வேறு ஒரு கெட்ட குணமும் உண்டு. முதல் சில லோடிலேயே அமுங்கும், யூ போல்ட் தளர்ந்துவிடும், தொட்டி சேஸ்மீது ஆட ஆரம்பிக்கும். அந்த ஆட்டத்தில் போகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் சாய்வில் சேரும். யூ போல்ட்டை நம்பாமல், சேஸின் செங்குத்துப் பக்கத்தில் போல்ட் போட்டுப் பிடிக்கும் பக்கத்தட்டுகளால் பின்பகுதியை இறுக்கவேண்டும். முன்பகுதியில் மட்டும் ஸ்பிரிங் வைத்த போல்ட். ஏனென்றால் சேஸ் முறுக்கும், தொட்டி முறுக்காது. முன்னால் கொஞ்சம் விட்டுக்கொடுக்காவிட்டால் முதல் சேடிலின் நுனியில் வெல்டிங் விரியும். அங்கேதான் கசிவு முதலில் தெரியும், டீசல் தூசியில் நனைந்து கறுப்புக் கோடாக. சேஸின் மேல்கீழ் விளிம்பில் துளைபோடவோ வெல்டு வைக்கவோ விடாதீர்கள்.

சஸ்பென்ஷனில் கேட்கவேண்டியது பின்னச்சுக்கு ஸ்டெபிலைசர் பார், அதாவது சாய்வைத் தடுக்கும் கம்பி. சில மாடலில் கூடுதல் காசுக்குக் கிடைக்கும், வாங்குங்கள். கமான் பட்டைகள் இரண்டும் எவ்வளவு விலகி இருக்கின்றனவோ அதன் வர்க்கத்தில் சாய்வை எதிர்க்கும். அடுத்தமுறை ஒரே எடை வரம்பில் இரண்டு சேஸ் கிடைத்தால் பட்டை இடைவெளி அகலமானதை எடுங்கள். ஓடும் வண்டியில் பார்க்கவேண்டியது பட்டை நுனிக்கும் பிராக்கெட்டுக்கும் உள்ள தேய்மான இடைவெளி. உள்பக்கம் தூக்கும்போது பட்டை அந்த இடைவெளியைக் கடக்கும்வரை சாய்வைத் தடுக்க ஒன்றுமே இல்லை. வண்டி திடீரென்று "சடக்"கென ஒரு பக்கம் விழுவதுபோல் ஓட்டுநர் உணர்வது இதைத்தான். இரட்டை டயரில் உள்டயரின் காற்றைச் சோம்பலால் பார்க்காமல் விடுவதும் இதே கணக்கில் சேரும்.

நீங்கள் கேட்டது பத்துச்சக்கரம். பின்னால் டிரெய்லர் டேங்கர் எடுக்கும் யோசனை இருந்தால் ஒரு வார்த்தை. 2025 ஜனவரி 3 அன்று கொச்சியிலிருந்து கோவை வந்த 18 டன் எல்பிஜி டேங்கர், அவிநாசி சாலை மேம்பாலத்தில் திரும்பும்போது இழுவை வண்டியிலிருந்து தொட்டி பிரிந்து சாய்ந்தது. சுற்றியிருந்த பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். டிரெய்லரில் தொட்டியும் இழுவை வண்டியும் சேர்வது டர்ன்டேபிள் (இழுவை வண்டியின் மேலுள்ள சுழல்தட்டு), கிங் பின் (அதில் மாட்டும் டிரெய்லரின் முளை) என்ற ஒரே இடத்தில். கிங் பின் தேய்மானத்தைக் கேஜ் வைத்து அளக்கவேண்டும். டர்ன்டேபிளைப் பிடிக்கும் போல்ட்டுகளில் பெயின்ட் கோடு போட்டு, கோடு விலகியிருக்கிறதா என்று ஒவ்வொரு லோடுக்கும் முன் பார்க்கவேண்டும். இன்னொன்று, டிரெய்லரின் பின்னச்சு சக்கரம் தரையை விட்ட பிறகும் கேபினில் எதுவும் தெரியாது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்க்கும்போது வேலை முடிந்திருக்கும். "நல்ல டிரைவர் உணர்ந்துடுவான்" என்ற பேச்சு டிரெய்லரில் செல்லாது.

அதற்காகத்தான் மின்னணு நிலைப்புக் கருவி. வண்டியின் பக்கவிசையை அளந்து, எல்லையை நெருங்கினால் ஓட்டுநர் கேட்காமலேயே எஞ்சினைக் குறைத்து பிரேக்கையும் போடும். பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேறு, இது வேறு. ஏபிஎஸ் இருக்கிறதென்று திருப்தியடைய வேண்டாம். இதைப் பிறகு ஒட்டமுடியாது, சேஸ் வாங்கும்போதே கேட்கவேண்டும்; நீங்கள் வாங்கிய சேஸில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் சென்சார் சேஸ்மீது இருக்கும். தொட்டி கட்டும்போது இடம் மாற்றினால் அளவு தப்பும். அப்படி ஒரு பெட்டி இருப்பதைப் பட்டறையில் காட்டி, "இதைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வாருங்கள். பட்டறை மின்வெல்டிங் ஆரம்பிக்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும் என்பதையும் சேர்த்து.

எந்தக் கருவியும் உதவாத இடம் சாலையின் விளிம்பு. நெம்மாறை, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். மழையில் ஊறிய சாலையோர மண்ணில் இடப்பக்கச் சக்கரம் 15 செ.மீ. இறங்கினால் அந்தச் சாய்வே 0.08-ஐத் தின்றுவிடும். அதோடு மண்ணில் புதைந்த சக்கரம் பக்கவாட்டில் நகராமல் தடுக்கும், மேலே தொட்டி நகரும். 2012 ஆகஸ்ட் 27 அன்று கண்ணூர் சாலாவில் எல்பிஜி டேங்கர் சாலைத் தடுப்பில் மோதித்தான் கவிழ்ந்தது. கசிந்த வாயு பற்றி 20 பேர் வரை இறந்தார்கள். விளிம்பில் இறங்கிய சக்கரத்தை ஒரே வெட்டில் மேலே ஏற்றக்கூடாது, வேகத்தை முழுக்கக் குறைத்துவிட்டு ஏற்றவேண்டும். எதிரே பஸ் வந்தால் விளிம்புக்கு ஒதுங்காமல் நடுவிலேயே நின்றுவிட ஓட்டுநருக்கு உங்கள் அனுமதி உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாமதத்துக்குத் திட்டுகிற முதலாளியிடம் வேலைபார்க்கும் யாரும் அப்படி வண்டியை நிறுத்தமாட்டார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வண்டி விழலாம். விழுந்தால் கொட்டக்கூடாது. 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் அகமத்பூர் கிழக்கு என்ற ஊருக்கு அருகே கவிழ்ந்த பெட்ரோல் டேங்கரில் கொட்டியதை அள்ள வந்து 200-க்கும் மேற்பட்டோர் எரிந்துபோனார்கள். மேன்ஹோல் மூடிகளும் வென்ட்டுகளும் தொட்டியின் தலையில் நிற்கின்றன, கவிழும்போது தரையில் உராய்வது அவைதான். அவற்றைவிட உயரமாக, தொட்டி நீளத்துக்கு இரண்டு பக்கமும் பாதுகாப்பு வரப்பு ஓடவேண்டும். வரப்பை மெல்லிய தகடாக ஒட்டாமல் வலுப்படுத்தும் தட்டு வைத்து வெல்டு செய்யவேண்டும். மழைத்தண்ணீர் வடிய வரப்பில் குழாய் வையுங்கள், இல்லாவிட்டால் மூடி வழியாக டீசலில் தண்ணீர் இறங்கும். வென்ட் சாய்ந்தால் தானே அடைபடும் வகையாக இருக்கவேண்டும். அடிவால்வு தொட்டிக்கு உள்ளேயே அமர்ந்திருக்கவேண்டும்; வெளியே நிற்கும் குழாயின் கழுத்தில் வேண்டுமென்றே ஒரு பலவீனமான வெட்டு, அடிபட்டால் குழாய் அங்கே ஒடிந்து போகும், வால்வு மூடியபடியே உள்ளே இருக்கும். இந்த அடிவால்வை இறக்கும் நேரம் தவிரத் திறந்து வைக்கக்கூடாது. அவசரம் என்று திறந்தபடியே கம்பியால் கட்டிவிட்டு ஓடுகிற வண்டிகள் உண்டு. இத்தனை வடிவமைப்பையும் ஒரு முழக் கம்பி வீணாக்கிவிடும்.

பட்டறையில் கையெழுத்துப் போடுமுன் ஒரு தாள் கேளுங்கள்: காலி வண்டியின் ஈர்ப்பு மைய உயரம், முழு லோடின் உயரம், ஒவ்வொரு அறையின் நடுமைய உயரம். "அதெல்லாம் தெரியாதுங்க" என்றால் காலி வண்டியை அளந்துகொள்ளலாம். எடைமேடையில் முன்னச்சை மட்டும் ஏற்றி எடுக்கவேண்டும், பிறகு பின்னச்சுகளை அரை மீட்டர் உயர்த்தி மறுபடி எடுக்கவேண்டும். முன்னச்சில் கூடிய எடையிலிருந்து உயரம் கிடைக்கும். 12 டன் காலி வண்டியில் அந்த வித்தியாசம் 150 கிலோ போலத்தான் வரும், மேடை 20 கிலோ தப்பினால் விடை 10 செ.மீ. போலத் தப்பும். ஆகவே நல்ல மேடையில், மூன்றுமுறை, பட்டைகள் அசையாமல் கட்டை அடித்து எடுக்கவேண்டும். திரவத்தோடு இதைச் செய்யாதீர்கள். திரவம் சாய்ந்து கணக்கைக் கெடுக்கும். காலி உயரம் கிடைத்ததும் மேலே நான் போட்டதுபோல் திரவத்தைக் காகிதத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே ஓடுகிற வண்டி உங்களிடம் இருந்தால், அதற்கு என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். தொட்டியைத் தொடாமல் செய்யக்கூடியவை: மரக்கட்டையை எடுத்துவிட்டு ரப்பர், பக்கத்தட்டு, பட்டை புஷ்ஷும் பிராக்கெட்டும் மாற்றுவது, கிடைத்தால் ஸ்டெபிலைசர் பார், மேன்ஹோல் வரப்பு, காலிசெய்யும் வரிசை. எரிபொருள் தொட்டியில் வரப்புக்கு வெல்டு வைக்குமுன் தொட்டியை நீராவி விட்டுக் கழுவி, வாயு இல்லை என்று அளந்து சான்று வாங்கியே ஆகவேண்டும். டீசல்தானே, பெட்ரோல் இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். காலித் தொட்டியின் டீசல் ஆவி வெல்டிங் சூட்டில் வெடிக்கும்.